வால்கிரியா க்ரானிகிள்ஸ் ஆடும்போது எரிச்சல் வருகிறதா? அறிகுறி பார்த்து பிழை நீக்கும் வழி

வால்கிரியா க்ரானிகிள்ஸை வாங்கி, நாலு அத்தியாயம் ஆடிவிட்டு அப்படியே மூடி வைத்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "நல்ல கேம்தான், எனக்குத்தான் செட் ஆகவில்லை" என்பார்கள். இன்னும் கொஞ்சம் துருவினால் குறை இரண்டாகப் பிரியும். டர்ன் முறையில், அதாவது மாறி மாறி ஆளுக்கு ஒரு வாய்ப்பு என்று ஆடிப் பழகியவர்கள், "நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுடுகிறானே" என்று புகார் சொல்வார்கள். துப்பாக்கிச் சண்டை கேம்களிலிருந்து வந்தவர்களோ, "ஒரு தடவை சுட்டதும் ஏன் கையைக் கட்டிவிடுகிறது?" என்பார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இந்த கேமில் கடிகாரம் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. அது பிடிபட்டால் கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி தானாகவே போய்விடும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். சேகா நிறுவனம் 2008-இல் ப்ளேஸ்டேஷன் 3-க்கு வெளியிட்ட கேம் இது. 2014-இல் கணினிக்கும், 2016-இல் ப்ளேஸ்டேஷன் 4-க்கும், 2018-இல் ஸ்விட்ச்சுக்கும் வந்தது. யூரோப்பா என்ற கற்பனைக் கண்டம், அந்த உலகத்தின் 1935-ஆம் ஆண்டு. ராக்னைட் என்ற கனிமத்துக்காக இரண்டு பெரிய வல்லரசுகள் மோதிக்கொள்ள, நடுவில் காலியா என்ற சின்ன நாடு மாட்டிக்கொள்கிறது. வெல்கின் என்ற பல்கலைக்கழக மாணவன் போர் மூண்டதும் ஏழாவது படைப்பிரிவுக்குத் தலைவனாகிறான். பூச்சி, செடி கொடி என்று நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டிருந்தவன் அவன். படமெல்லாம் பென்சில் கோட்டில் நீர்வண்ணம் தீட்டியதுபோல் இருக்கும். இத்தனை வருடம் கழித்தும் பழையதாகத் தெரியாததற்கு அந்த ஓவியப் பாணிதான் காரணம்.

சரி, கடிகாரத்துக்கு வருவோம்.

சண்டை மூன்று நிலையில் நடக்கிறது. முதலில் வரைபடம். மேலிருந்து பார்க்கிறீர்கள், நேரம் நின்றிருக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம். கமாண்ட் பாயின்ட் ஒன்றைச் செலவழித்து ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தால் அவர் தோளுக்குப் பின்னால் கேமரா இறங்கும். இது இரண்டாம் நிலை. இங்கே நேரம் ஓடும். உங்கள் ஆள் நகர நகர அவருடைய ஆக்‌ஷன் பாயின்ட் குறையும். நின்றால் பாயின்ட் குறையாது, ஆனால் பார்வைக்குள் இருக்கும் எதிரி சுட்டுக்கொண்டே இருப்பான். குறிபார்க்கும் பொத்தானை அழுத்தினால் மூன்றாம் நிலை. மறுபடியும் எல்லாம் உறைந்துவிடும். நிதானமாகக் குறிபார்த்துச் சுடலாம். சுட்ட பின், தப்பிப் பிழைத்தவன் திருப்பிச் சுடுவான். அதோடு கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கும். மிச்சமிருக்கும் ஆக்‌ஷன் பாயின்ட்டை வைத்து ஓடி ஒளியலாம். ஒரு முறை இறக்கினால் ஒரு தாக்குதல்தான். இனி கமாண்ட் பாயின்ட்டை சிபி, ஆக்‌ஷன் பாயின்ட்டை ஏபி என்றே சொல்கிறேன், ஆடுபவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இனி உங்கள் தொல்லை எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள்.

"எதிரியை நெருங்குவதற்குள் என் ஆள் விழுந்துவிடுகிறார்"

முதல் நாள் எல்லாருக்கும் வரும் தொல்லை இது. வரைபடத்தைப் பார்த்து மிக அழகாகத் திட்டம் போட்டிருப்பீர்கள். ஆளை இறக்கியதும் நாலு பக்கமிருந்தும் தோட்டா வரும். நீங்கள் பதறி நின்று கேமராவைச் சுழற்றி, யார் சுடுகிறார்கள் என்று தேடுவீர்கள். அந்தத் தேடலில்தான் பாதி உயிர் போகிறது.

முதலில் செய்ய வேண்டியது, பாதையை வரைபடத்திலேயே முடிவு செய்துவிட்டு இறங்குவது. எந்தச் சுவர், அதன்பின் எந்த மணல்மூட்டை, கடைசியில் எங்கே நிற்பது, மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். கொட்டும் மழையில் ஒரு கடைத் தாழ்வாரத்திலிருந்து அடுத்த கடைத் தாழ்வாரத்துக்கு ஓடுவோமே, அந்த மாதிரி ஓடுங்கள்.

நடுவழியில் குழம்பிப்போனால் குறிபார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். நேரம் நின்றுவிடும். சுடவேண்டிய அவசியமில்லை. யார் எங்கே என்று பார்த்துவிட்டு ரத்து செய்து திரும்பலாம். கேமின் பயிற்சிப் பாடம் இதை அழுத்திச் சொல்வதில்லை, ஆனால் டர்ன் முறைக்குப் பழகியவர்களுக்கு மூச்சு விட இதைவிட நல்ல இடம் இல்லை.

அடுத்தது, எல்லா எதிரியும் ஓடும் ஆளைச் சுடுவதில்லை. டேங்க் உடைக்கும் லான்சர்களும், தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர்களும் தங்கள் டர்னில் மட்டுமே சுடுவார்கள். நீங்கள் முன்னால் ஓடினாலும் சும்மா நிற்பார்கள். அவர்களை நோக்கி நேராகவே போகலாம். முன்வரிசையில் மோதும் ஷாக்ட்ரூப்பரின் இயந்திரத் துப்பாக்கிதான் ஆளைத் தின்றுவிடும், அதுவும் பக்கத்தில் போனால். வேவு பார்க்கும் ஸ்கவுட் தூரத்திலிருந்தே தொடங்குவான், ஆனால் அடி லேசாகத்தான் விழும். பாதை போடும்போது எதிரி எத்தனை பேர் என்று எண்ணுவதைவிட எந்த வகை என்று பாருங்கள்.

இன்னும் ஒன்று, பலர் கவனிக்காதது. சுட்டு முடித்த பிறகு அந்த ஆளை முறையாக முடித்துவைக்கும்வரை கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சுட்ட மகிழ்ச்சியில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது ஆள் தரையில் கிடப்பார். சுடு, மணல்மூட்டைக்குப் பின்னால் குனி, முடி. இது கைப்பழக்கமாக வேண்டும்.

பத்தாவது அத்தியாயத்தில் மார்பெரி கடற்கரை வரும்போது இந்தப் பாடத்துக்குத் தேர்வு வைப்பார்கள். திறந்த கடற்கரை, மேட்டில் இயந்திரத் துப்பாக்கிகள். அங்கே மறைவிடத்தை நீங்களேதான் உண்டாக்க வேண்டும். உங்கள் டேங்குக்குக் கிடைக்கும் புகைக்குண்டு அதற்காகத்தான். புகைக்குள் இருப்பவரை எதிரியால் பார்க்க முடியாது, பார்க்க முடியாததைச் சுடவும் மாட்டான்.

"அஞ்சு குண்டும் சுட்டேன், ஒழுங்காக ஒன்றுகூடப் படவில்லை"

துப்பாக்கிச் சண்டை கேமிலிருந்து வந்தவர்களின் புகார். திரையில் தெரியும் வட்டத்தை அவர்கள் குறிப்புள்ளி என்று நினைக்கிறார்கள். வட்டத்தின் நட்டநடுவில் தலையை வைத்துவிட்டு, தோட்டா தோளுக்கு மேல் போனால் கேம் ஏமாற்றுகிறது என்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் தோட்டா விழலாம் என்பதுதான் விதி. உங்கள் கைத்திறனுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆகவே, தலை அந்த வட்டத்தை நிரப்பும்வரை நெருங்குங்கள். அவ்வளவுதான். தலையில் பட்டால் சேதம் பல மடங்கு. பத்தடி தூரத்தில் நின்று தலைக்குச் சுடும் ஸ்கவுட், தூரத்தில் நின்று உடம்புக்குச் சுடும் ஷாக்ட்ரூப்பரைவிட ஆபத்தானவர். நெருங்க ஏபி வேண்டும், நெருங்கும்போது அடி வாங்க வேண்டும். இந்தப் பேரம்தான் கேமின் இதயம். இங்கேதான் டர்ன் முறையும் நிகழ்நேரமும் ஒன்றோடொன்று கைகோக்கின்றன. ஒரு நல்ல குறிக்கு எவ்வளவு ரத்தம் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள்.

மணல்மூட்டைக்குப் பின்னால் குனிந்திருப்பவனைத் துப்பாக்கியால் அடிப்பது வீண். முதலில் ஒரு கையெறிகுண்டு. மூட்டையும் போகும், அவனும் வெளியே வந்து விழுவான். அப்புறம் அடுத்த ஆளை இறக்கிச் சுடுங்கள். இரண்டு சிபி செலவாகும், ஆனால் மூன்று பேரை அனுப்பி வெறுங்கையோடு திரும்புவதைவிட மலிவு.

லான்சர்கள் ஆரம்பத்தில் குறி தவறுவார்கள், மிக மோசமாகத் தவறுவார்கள். அது உங்கள் தப்பில்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் ஆயுதத்தை மேம்படுத்தும்வரை அவர்களையும் கிட்டத்தில் கொண்டுபோய்த்தான் சுட வைக்க வேண்டும்.

"டேங்க் மேல் எத்தனை அடித்தாலும் அசையவே இல்லை"

பின்னால் போங்கள். ஒவ்வொரு டேங்கின் பின்புறத்திலும் நீல ஒளியோடு ஒரு ரேடியேட்டர் மின்னும். முன்பக்கம் மூன்று அடி வாங்கியும் நிற்கும் டேங்க், அங்கே ஒரே அடியில் வெடித்துவிடும்.

இதே விதி உங்களுக்கும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெல்கின் ஏறிவரும் எடல்வைஸ் டேங்க் அழிந்தால் ஆட்டம் முடிந்தது. அதன் முதுகு சுவரைப் பார்த்தபடி இருக்கட்டும். டர்னை முடிக்கும் முன் டேங்க் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். ஓர் இன்ஜினியரை அருகிலேயே வைத்திருந்தால் பழுது பார்த்துக்கொள்ளலாம். கண்ணிவெடி எடுப்பதும், லான்சருக்குக் குண்டு நிரப்பித் தருவதும் அவர் வேலைதான். துப்பாக்கி எடுத்தால் பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார் என்பதால் பலர் அவரை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாவம்.

"சிபி போதவே மாட்டேன் என்கிறது"

ஒவ்வோர் ஆளையும் ஒரு தடவை நகர்த்தியே ஆக வேண்டும் என்று நினைக்கிறீர்களா? மற்ற டர்ன் கேம்கள் பழக்கிவிட்ட பழக்கம் அது. இங்கே ஒரே ஆளை ஒரே டர்னில் திரும்பத் திரும்ப இறக்கலாம். ஒவ்வொரு தடவையும் அவருடைய ஏபி குறைந்துகொண்டே வரும், குண்டும் தீரும், அவ்வளவுதான். சரியான இடத்தில் நிற்கும் ஒருவரை மூன்று முறை இறக்குவது, தப்பான இடத்தில் நிற்கும் மூன்று பேரை ஒவ்வொரு முறை நகர்த்துவதைவிட நல்லது.

செலவழிக்காத சிபி வீணாகாது, அடுத்த டர்னுக்குச் சேரும். இருபதுவரை சேர்த்து வைக்கலாம். செய்ய நல்ல வேலை இல்லாத டர்னில் ஒன்றும் செய்யாமல் முடித்துவிடுங்கள். எடல்வைஸை நகர்த்த இரண்டு சிபி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். டேங்கை டாக்சி மாதிரி ஓட்டினால் மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் படையின் முக்கிய ஆட்களான அலிசியா, ரோஸி, லார்கோ மூவரும் களத்தில் நின்றால் தலைக்கு ஒரு சிபி கூடுதலாகக் கிடைக்கும். அவர்களில் ஒருவர் விழுந்தால் அந்தப் பாயின்ட்டும் போகும். சிபி திடீரென்று குறைந்ததே என்று திகைப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

"எதிரியின் டர்னில் என் ஆட்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்"

உங்கள் லான்சரையும் ஸ்னைப்பரையும் முன்வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள். எதிரிக்கு எந்த விதியோ அதேதான் உங்களுக்கும். அவர்களைப் பின்னால் தள்ளுங்கள். தெருமுனையில், மணல்மூட்டைக்குப் பின்னால் ஷாக்ட்ரூப்பர் ஒருவர் குனிந்திருக்கட்டும். எதிரி அந்தப் பக்கம் கால் வைத்ததும் ஒரு சிபிகூடச் செலவில்லாமல் அவர் சுடுவார். நன்றாக நிறுத்தப்பட்ட படை எதிரியின் டர்னில்தான் அதிகம் சம்பாதிக்கும். எதிரியின் டர்ன் வந்ததும் போனை எடுத்துப் பார்ப்பவர்கள் இதை இழக்கிறார்கள். அது மட்டுமில்லை. எதிரி உங்கள் ஆள் ஒருவர் கண்ணில் பட்டால்தான் வரைபடத்தில் தெரிவான். ஒளிந்திருந்தவன் எந்தச் சந்திலிருந்து வந்தான், எங்கே மறைந்தான் என்பது அந்த நேரத்தில்தான் தெரியவரும்.

"யாரையும் இழக்காமல், எல்லாரையும் வீழ்த்தி ஜெயித்தேன். டி ரேங்க் தருகிறது"

இதில் நியாயம் உங்கள் பக்கம். கேமின் பெரிய குறை இதுதான், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரேங்க் எத்தனை டர்னில் முடித்தீர்கள் என்பதை மட்டுமே பார்க்கிறது. எத்தனை எதிரியை வீழ்த்தினீர்கள், எத்தனை பேரைக் காப்பாற்றினீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. வேகமாக முடித்தால் அனுபவப் புள்ளியும் பணமும் கூடுதலாகக் கிடைக்கும். மறைவிடம், பாதுகாப்பு, பொறுமை என்று அத்தனையும் கற்றுக்கொடுத்துவிட்டு, மதிப்பெண் போடும்போது அவசரக்காரனுக்குக் கொடுக்கிறார்கள்.

இதனால் வரும் பக்கவிளைவு இன்னும் மோசம். கொஞ்ச நாளில் ஆடுபவர் கண்டுபிடித்துவிடுவார்: பல களங்களில் எதிரி முகாமைப் பிடித்தாலே வெற்றி. ஸ்கவுட்டுக்கு ஏபி அதிகம். அலிசியா ஸ்கவுட். சிபி கொடுத்துப் பிறப்பிக்கும் ஆணைகளில் தற்காப்பை உயர்த்தும் ஒன்றை அவள்மேல் போட்டு, மிச்ச சிபி முழுவதையும் அவளுக்கே கொடுத்தால், இரண்டு டர்னில் முகாம் வாசலில் நிற்பாள். ஏ ரேங்க் கிடைக்கும். மற்ற எட்டுப் பேரும் கிளம்பிய இடத்திலேயே நிற்பார்கள். இப்படி நாலைந்து களம் ஆடிவிட்டு, "சலிப்பாக இருக்கிறது, உத்தியே இல்லை" என்பார்கள். சலிக்காமல் என்ன செய்யும்?

இதற்கு என் மருந்து கொஞ்சம் கடுமையானது. முதல் முறை ஆடும்போது ரேங்கைப் பார்க்கவே பார்க்காதீர்கள். பி, சி எது வந்தாலும் கதை நகரும். புள்ளி குறைகிறதே என்று தோன்றினால் திரும்பத் திரும்ப ஆடக்கூடிய சின்னச் சண்டைகள் தனியாக இருக்கின்றன, அங்கே ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆணைகளைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தற்காப்பு ஆணையை ஓட்டப்பந்தயத்துக்குப் பயன்படுத்தாமல், மாட்டிக்கொண்ட ஒருவரை மீட்கப் பயன்படுத்திப் பாருங்கள், கேம் வேறாகத் தெரியும். வேகமாக ஓடும் ஆசை இருந்தால் அதை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகு லெவல்களோடு மறுபடி தொடங்கலாம். களம் முன்பே தெரிந்திருக்கும்போது இரண்டு டர்னில் முடிக்கப் பார்ப்பது உண்மையிலேயே நல்ல புதிர்தான்.

களத்தில் பெயரோடு வரும் எதிரிகள் சிலர் உண்டு. அவர்களை வீழ்த்தினால் நல்ல ஆயுதம் கிடைக்கும். முகாமை நோக்கி மட்டும் ஓடுகிறவர்கள் இவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது இன்னொரு நஷ்டம்.

"ஒரு ஆள் விழுந்தாலும் பழைய சேவுக்குப் போய்விடுகிறேன், ஆட்டம் நகரவே மாட்டேன் என்கிறது"

சண்டையின் நடுவிலும் சேவ் செய்யலாம் என்பதால் வரும் நோய். அவசரப்படாதீர்கள், விழுந்தவர் உடனே சாவதில்லை. மூன்று டர்ன் அவகாசம் இருக்கிறது. நம் ஆள் யாராவது ஓடிப்போய்த் தொட்டால் போதும், மருத்துவ உதவியாளர் ஃபீனா வந்து தூக்கிப் போய்விடுவாள். அவகாசம் முடிந்துவிட்டாலோ, அதற்குள் எதிரி யாராவது அவரைத் தொட்டுவிட்டாலோதான் நிரந்தர மரணம். விழுந்தவரை நோக்கி ஓர் எதிரி நடக்கத் தொடங்கும் டர்ன் இருக்கிறதே, அந்தப் பதற்றத்துக்காகவே இந்த கேமை ஆடலாம். ரீலோட் செய்பவர்கள் தூக்கிப்போடுவது அதைத்தான்.

இன்னொரு ஆறுதல்: லெவல் தனி ஆளுக்கு ஏறுவதில்லை, ஸ்கவுட், லான்சர் என்ற வகுப்புக்கு ஏறுகிறது. பயிற்சித் திடலில் ஷாக்ட்ரூப்பர் வகுப்பை ஒன்பதாவது லெவலுக்கு ஏற்றினால் எல்லா ஷாக்ட்ரூப்பரும் ஒன்பதுதான், நேற்று சேர்ந்தவர் உட்பட. ஆக, ஒருவர் இறந்தால் நீங்கள் வளர்த்த எண்கள் எதுவும் போவதில்லை. போவது அந்த ஆள் மட்டுமே. கணக்கில் நஷ்டமே இல்லாமல், மனதில் மட்டும் நஷ்டம் விழும்படி அமைத்திருக்கிறார்கள். இதை யோசித்தவர் கெட்டிக்காரர்.

இதே காரணத்தால் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கலாம், இறக்கவும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் சொந்தக் குணங்கள் இருக்கின்றன. புல்வெளியில் நின்றால் மகரந்த ஒவ்வாமையால் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு, மண் தரையில் கால் பட்டால் தெம்பாகிற கிராமத்து ஆட்கள் உண்டு. ஸ்னைப்பர் மரீனாவுக்குத் தனியாக விட்டால்தான் பிடிக்கும். லான்சர் ஜானுக்கோ லார்கோ பக்கத்தில் இருந்தால் உற்சாகம் தாங்காது. பிடித்தவர்களை அருகருகே நிறுத்தினால் ஒருவர் சுடும்போது மற்றவரும் சேர்ந்து சுடுவார். ரோஸிக்கு, கதையில் ஒடுக்கப்படும் இனமான டார்க்ஸன் மக்கள்மேல் வெறுப்பு, அது குணப் பட்டியலிலேயே எழுதியிருக்கும். கதையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம் அது, இங்கே சொல்லிக் கெடுக்கமாட்டேன். யார் எங்கே நின்றால் என்ன ஆகிறது என்று கவனிக்கத் தொடங்கினால் படைத் தேர்வே ஒரு தனி ஆட்டமாகிவிடும்.

"ஏழாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன்"

நீங்கள் மட்டுமில்லை. பலர் கேமைக் கைவிட்ட இடம் பேரியஸ் பாலைவனம்தான். பாட்டோமிஸ் என்ற மலை போன்ற டேங்க் உங்களை நோக்கி ஊர்ந்து வரும். அதுவரை கற்றுக்கொண்ட எதுவும் அதன்மேல் வேலை செய்யாததுபோல் தோன்றும். உண்மையில் ஒரே ஒரு பழைய பாடத்தைத்தான் அது பெரிதாக்கிக் கேட்கிறது: ரேடியேட்டர்.

பாட்டோமிஸின் ரேடியேட்டர்கள் சாதாரணமாக உள்ளே மறைந்திருக்கும். வழியில் இடிபாட்டுச் சுவர்கள் குறுக்கே நிற்கும். அவற்றைப் பெரிய பீரங்கியால் உடைத்துத்தான் அது முன்னேற முடியும். அப்படிச் சுட்ட பிறகு சூடு தணிய ரேடியேட்டர் வெளியே வரும். அப்போது அடிக்க வேண்டும். மற்ற நேரத்தில் அடிப்பதெல்லாம் குண்டுக்குக் கேடு. முதல் சில டர்ன்களில் அதைச் சுற்றியிருக்கும் சின்ன எதிரிகளை ஒழித்து, லான்சர்களைச் சுவர்களுக்குப் பக்கத்தில் முன்கூட்டியே நிறுத்தி வையுங்கள். சிபியைச் சேமியுங்கள். ரேடியேட்டர் திறக்கும் டர்னில் கையில் நிறைய சிபி இருக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்துப் பெரியவரிடம் கவசத்துக்கு எதிரான தாக்குதலை உயர்த்தும் ஆணையைக் கற்றிருந்தால் அதை எடுக்க இதுதான் நேரம். கற்கவில்லை என்றால் களத்துக்கு வரும் முன் தலைமையகத்துக்குப் போய் அவரைப் பாருங்கள். அனுபவப் புள்ளிகளைக் கொடுத்தால் ஆணைகள் சொல்லித்தருவார். அந்தக் கல்லறைத் தோட்டம் அலங்காரத்துக்கு என்று நினைத்து ஒரு முறைகூட எட்டிப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு ஒரு கட்டத்தில் எதிரித் தளபதி செல்வேரியா வருவாள். ஈட்டியும் கேடயமுமாக நீல ஒளியில் நடந்து வருபவளைப் பார்த்ததும் அடித்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். இந்தக் களத்தில் அவளை வீழ்த்த முடியாது, அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அவள் பார்வைக் கோட்டுக்குள் யாரையும் நிறுத்தாதீர்கள். அவள் வரப்போகிறாள் என்று தெரிந்தால், எல்லாரையும் இடிபாடுகளுக்குப் பின்னால் வைத்தே மிச்ச வேலையை முடித்துவிடலாம். தெரியாமல் முதல் தடவை போகிறவர்களுக்கு அது கொஞ்சம் அநியாயம்தான். வெற்றியின் விளிம்பில் நிற்கும்போது வந்து படையைத் துடைத்துவிட்டுப் போவாள். ஆகவே, பாலைவனத்தில் ஒவ்வொரு டர்னும் தனித்தனியாக சேவ் செய்யுங்கள், ஒன்றன்மேல் ஒன்று எழுதாமல்.

"காட்சிகள் நீளம், சண்டை எப்போது வரும் என்றே தெரியவில்லை"

கேமின் மெனுவே ஒரு புத்தகம். அத்தியாயப் பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள் ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றும் ஒரு காட்சி. நடுநடுவே சேவ் செய்துகொள்ளலாம். ஒரே மூச்சில் உட்கார்ந்து பார்க்காமல், சண்டை இல்லாத நாளில் நாலு காட்சி என்று பார்த்தால் கனம் தெரியாது. குரலை ஜப்பானிய மொழிக்கு மாற்றிக்கொண்டு எழுத்தைப் படிப்பது எனக்குப் பிடிக்கும், அது அவரவர் விருப்பம். தாண்டிவிடலாமா என்றால், தாண்டலாம். ஆனால் விழுந்த ஆளைக் காப்பாற்ற நாலு சிபி செலவழிக்கத் தோன்ற வேண்டும் என்றால் அந்த ஆள் யார் என்று தெரிந்திருக்க வேண்டுமே. ஹிட்டோஷி சாக்கிமோட்டோவின் இசைக்காகவாவது சில காட்சிகளை விட்டுவையுங்கள்.

"எதிரிகள் திடீரென்று பலமாகிவிட்டார்கள்"

சண்டை முடிந்ததும் புள்ளியும் பணமும் தானாகச் செலவாகாது. பயிற்சித் திடலுக்குப் போய் வகுப்பை ஏற்ற வேண்டும், ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய் ஆயுதத்தை ஏற்ற வேண்டும். இரண்டையும் மறந்து அத்தியாயம் அத்தியாயமாக முன்னால் போனவர்களுக்கு இது வரும். ஐந்து வகுப்புக்கும் சமமாகப் பங்கு போடாமல், ஸ்கவுட்டையும் ஷாக்ட்ரூப்பரையும் முதலில் பதினொன்றாம் லெவலுக்குக் கொண்டுபோங்கள். அங்கே வகுப்பு அடுத்த நிலைக்கு உயரும். ஸ்கவுட்டுக்குத் துப்பாக்கியிலிருந்தே குண்டு வீசும் வசதியும், ஷாக்ட்ரூப்பருக்குத் தீ உமிழும் ஆயுதமும் கிடைக்கும். மணல்மூட்டைத் தொல்லை அதோடு பாதி தீர்ந்தது.

"இத்தனையும் செய்தேன், இன்னும் பிடிக்கவில்லை"

அப்படியும் நடக்கும். 2018-இல் வந்த நான்காம் பாகத்தை ஒரு முறை பாருங்கள். சண்டை முறை இதேதான், ஆனால் வசதிகள் பெருகியிருக்கின்றன. தூரத்திலிருந்து வளைத்துக் குண்டு போடும் கிரெனேடியர் என்று புதிய வகுப்பும் உண்டு. தனிக் கதை என்பதால் முதல் பாகம் தெரியாமலே தொடங்கலாம். அதுவும் ஒட்டவில்லை என்றால் ஓடும் கடிகாரம் உங்களுக்கு ஆகாது என்று அர்த்தம், முழு டர்ன் கேம் ஒன்றுக்குப் போய்விடுங்கள்.